வேலைக்குப் போயிருக்காரு

விண்ணப்பத்தை அனுப்பி முடித்த பிறகுதான் என் மகளுக்குக் கண் நன்றாகத் தெரிய ஆரம்பித்தது. அதற்கு முன்னால் நாங்கள் இரண்டு பேரும் பிரவுசிங் சென்டரில் ஒரே நாற்காலியில் ஒட்டி உட்கார்ந்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தோம். ஒரு குறையும் தெரியவில்லை. அவள் பொத்தானை அழுத்தினாள். திரையில் பச்சையாக ஒரு சரிக்குறி வந்தது. அதற்குக் கீழே, இனிமேல் எதையும் மாற்ற முடியாது என்று பொடி எழுத்தில் ஒரு வரி. அந்த வரியை அவள் படித்ததோடு எங்கள் வீட்டு நிம்மதி போயிற்று.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் ஆரம்பித்துவிட்டாள்.

"அம்மா, போட்டோல என் வலது காது தெரியல. ரெண்டு காதும் தெரியணும்னு போட்டிருந்துச்சு."

"உனக்கு ரெண்டு காது இருக்கா இல்லையா?"

"இருக்கு."

"அப்புறம் என்ன. சந்தேகம் வந்தா கூப்பிட்டு எண்ணிப் பாத்துக்கட்டும்."

அவள் சிரிக்கவில்லை. மறுநாள், விலாசத்தில் இரண்டாம் மாடி என்று போடாமல் விட்டது ஞாபகம் வந்தது. அதற்கப்புறம் என் வேலை. 'விற்பனையாளர்' என்று போட்டுவிட்டாளாம். நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் இருக்கிறேன். விற்பது முதலாளி. நான் ஃபிரேமை அவரவர் முகத்துக்குச் சரிசெய்து கொடுப்பேன், திருகாணி முடுக்குவேன், மூக்கில் பதிகிற குமிழை மாற்றுவேன். "அதுக்கு ஒரு பேர் இருக்கும்மா, அதத் தேடிப் போட்டிருக்கணும்" என்று அவள் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றபோது எனக்கு எரிச்சல் தாங்கவில்லை.

"நீ மாட்டுக்கு ஊசி போடப் படிக்கப் போற. உங்கம்மா திருகாணி முடுக்குறாளா கண்ணாடி விக்கிறாளான்னா அவங்களுக்குக் கவலை? போய்ச் சாப்பிடு. என் உயிர வாங்காத."

எனக்கு இந்த நோய் புதிதில்லை. கடையில் தினமும் பார்க்கிறேன். புதுக் கண்ணாடி வாங்கிக்கொண்டு போன ஆள் சாயங்காலமே திரும்பி வருவார். ஓரத்தில் மயிரிழை போல ஒரு கீறல் இருக்கும், இல்லாமலும் இருக்கும். கண்ணில் பட்டுவிட்டால் தீர்ந்தது, அப்புறம் அவர் கண்ணாடி வழியாக உலகத்தைப் பார்க்க மாட்டார், அந்தக் கீறலையே பார்த்துக்கொண்டிருப்பார். முதலாளி அவர்களிடம் நயமாகப் பேசுவார். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது. அதனால்தான் என்னை உள்ளே திருகாணியோடு உட்கார வைத்திருக்கிறார்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அவள் பயப்பட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. அவள் மூன்று இடத்துக்கு விண்ணப்பம் போட்டாள், இரண்டு சும்மா. அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று, கால்நடை மருத்துவக் கல்லூரி. சின்ன வயதிலிருந்து அதே பேச்சு. மனுஷங்களுக்கு வைத்தியம் பார்க்கிற படிப்புக்குப் போயேன் என்று நான் ஒருமுறை கேட்டதற்கு, "எங்க வலிக்குதுன்னு கேட்டா மனுஷங்க பொய் சொல்லுவாங்கம்மா, மாடு சொல்லாது" என்றாள். மதிப்பெண் இருந்தது. இடம் குறைவு, கேட்பவர்கள் அதிகம். விண்ணப்பத்தின் கடைசியில், தவறான தகவல் தந்தால் சேர்க்கை ரத்து என்று கறுப்பாக அச்சடித்திருந்தார்கள். அந்த வரி அவளுக்கு மனப்பாடம். குளிக்கும்போதுகூட முணுமுணுத்தாள்.

எங்கள் வீட்டைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் மற்றது புரியும்.

என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். போன வருடத்துக்கு முந்தின வருடம், ஒரு கட்டடத்தின் உச்சியில் இருக்கிற மோட்டார் அறையில், ஸ்பேனரைக் கையில் பிடித்தபடி மாரடைப்பில் போய்விட்டார். கீழே ஆட்கள் லிஃப்ட் இன்னும் வரவில்லையே என்று பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தார்களாம். அதற்குப் பிறகு நானும் மகளும் பழைய வீட்டைக் காலி செய்துவிட்டு இந்த இரண்டாம் மாடிக்கு வந்தோம். இங்கே எங்களை யாருக்கும் தெரியாது.

வந்த புதிதில் தண்ணீர்க் குழாய் பார்க்க ஓர் ஆள் வந்தான். குழாயைப் பார்த்த நேரத்தைவிட வீட்டைப் பார்த்த நேரம் அதிகம். "வீட்ல ஆம்பளைங்க யாரும் இல்லையா?" என்று கேட்டான். கேட்ட விதம் எனக்குப் பிடிக்கவில்லை. "வேலைக்குப் போயிருக்காரு, வர்ற நேரந்தான்" என்றேன். அவன் போனதும் அட்டைப்பெட்டியைப் பிரித்து அவருடைய பூட்ஸை எடுத்து வாசலில் வைத்தேன். மகளிடமும் சொன்னேன். யார் கதவைத் தட்டினாலும், என்ன கேட்டாலும், அப்பா வேலைக்குப் போயிருக்காங்க. அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசக் கூடாது.

வெளியாட்களுக்காகத்தான் ஆரம்பித்தோம். பூட்ஸ் ஒரே இடத்தில் கிடந்தால் சந்தேகம் வரும் என்று காலையில் உள்ளே எடுத்து வைத்து, சாயங்காலம் வெளியே வைத்தோம். வாரம் ஒருமுறை அவருடைய இரண்டு சட்டைகளைத் துவைத்துக் கொடியில் போட்டேன். போட்டுக்கொள்ளாத சட்டையில் என்ன அழுக்கு இருக்கும்? இருந்தாலும் காலரைத் தேய்த்தேன், பழக்கம். அவருடைய கைபேசியை அணைக்காமல் சார்ஜ் போட்டுக் குளிர்பெட்டியின் மேல் வைத்தோம். எப்போதாவது அது அடிக்கும். ஏதோ பழைய கட்டடத்துக் காவலாளி, விவரம் தெரியாதவர், லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டது என்பார். என் மகள் எடுத்து, "அப்பா வேற எடத்துல வேலையா இருக்காங்க அண்ணா, வேற ஆளப் பாத்துக்குங்க" என்பாள். அவ்வளவு இயல்பாக வரும். அவள் ஃபோனை வைத்த பிறகு, அவர் எந்தக் கட்டடத்தில் இருப்பார் என்று நானே ஒரு நொடி யோசிப்பேன்.

நாங்கள் ரொம்பக் கெட்டிக்காரத்தனமாகச் செய்துவிட்டோம் போலிருக்கிறது. ஒருநாள் மாடிப்படியில் கீழ்வீட்டு அக்கா என்னை நிறுத்தினார்.

"உன் வீட்டுக்காரர் ரொம்ப மரியாதையான ஆளும்மா. நேத்து மத்தியானம் நான் ரெண்டு பையத் தூக்கிட்டு ஏறிட்டிருந்தேன், ஒதுங்கி வழி விட்டாரு. பேச்சுத்தான் கிடையாது."

"நேத்தா?"

"நேத்துத்தான். கொஞ்சம் இளைச்சுட்டாரோ?"

வேறு யாரையோ பார்த்திருப்பார். மூன்றாம் மாடியில் எத்தனையோ பேர் வருகிறார்கள், போகிறார்கள். எனக்கு அது தெரியும். ஆனாலும் படியில் அப்படியே நின்றுவிட்டேன். எனக்குப் பயம் வரவில்லை. பொறாமை வந்தது. இந்த அம்மாளுக்கு வழி விட்டாராம், இரண்டு மாடி ஏறி என்னிடம் வர முடியவில்லையா என்று வயிறு எரிந்தது. "ஆமாக்கா, வேலை ஜாஸ்தி, நேரத்துக்குச் சாப்பிடுறதில்ல" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். மகளிடம் இதைச் சொல்லவில்லை.

இப்படித்தான் எங்கள் வீட்டில் மூன்று பேர் இருந்தோம்.

விண்ணப்பம் போய் இரண்டு வாரம் இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் துணி மடித்துக்கொண்டிருந்தேன். அவள் விண்ணப்பத்தின் நகலைக் கையில் வைத்துக்கொண்டு குட்டி போட்ட பூனை மாதிரி கூடத்துக்கும் சமையலறைக்கும் நடந்துகொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்தின் தொலைபேசி எண்ணில் ஊர்க்குறியீடு போடவில்லையாம். எனக்குப் பொறுமை போய்விட்டது.

"குடு இங்க. நான் படிக்கிறேன். எங்க தப்பு இருக்குன்னு பாக்குறேன். இல்லேன்னா இன்னையோட இந்தப் பேச்ச விட்டுடணும். சரியா?"

அவள் கொடுத்துவிட்டு எதிரே தரையில் உட்கார்ந்தாள். கடையில் கண் சோதிக்கிற எழுத்து அட்டையைப் படிப்பது போல நான் உரக்கப் படித்தேன். பெயர், பிறந்த தேதி, விலாசம். "தந்தை: உள்ளார். தந்தையின் தொழில்: லிஃப்ட் மெக்கானிக். பெற்றோரைத் தொடர்புகொள்ள வேண்டிய எண்..." அவருடைய எண்ணைத் தாளைப் பார்க்காமலே சொன்னேன். அப்புறம் என் பெயர், மதிப்பெண், உறுதிமொழி எல்லாம்.

"எல்லாம் சரியாத்தானே இருக்கு? எதுக்கு இந்த ஆட்டம் ஆடுற?"

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "திரும்பப் படிம்மா."

திரும்பப் படித்தேன், கோபத்தில் இன்னும் சத்தமாக. உள்ளார், லிஃப்ட் மெக்கானிக், அந்த எண். மறுபடியும் சரியாகவே இருந்தது.

"இன்னொரு தடவ" என்றாள்.

மூன்றாவது தடவை என் விரல் ஒரு கட்டத்தின் மேல் நின்றது. 'உள்ளார்' என்ற கட்டத்தில் குறி இருந்தது. அதற்குப் பக்கத்தில் 'காலமானார்' என்று இன்னொரு கட்டம் இருந்தது. அது காலியாக இருந்தது. நான் அந்த இரண்டு கட்டங்களையும் மாறி மாறிப் பார்த்தேன். பிரவுசிங் சென்டரில் பக்கத்திலேயே உட்கார்ந்து படித்தேனே. இப்போதும் இரண்டு தடவை வாய்விட்டுப் படித்தேனே. என் கண்ணுக்கு அதில் ஒரு தப்பும் படவில்லை.

"எப்பத் தெரிஞ்சுது உனக்கு?"

"அன்னைக்கே. வீட்டுக்கு வர்ற வழியில."

"அப்புறம் ஏன் காது, மாடின்னு என்னப் படுத்தின?"

"ஒவ்வொண்ணா சொன்னா நீ எடுத்துப் படிப்பேன்னு நெனச்சேன். நீயா பாப்பேன்னு." அவள் தரையில் விரலால் தேய்த்துக்கொண்டே பேசினாள். "நான் வேணும்னு போடலம்மா. அப்பா என்ன பண்றாங்கன்னு யார் கேட்டாலும் சொல்றதத்தான் போட்டேன். கை தானா போயிடுச்சு. பொய் சொன்னேன்னு சீட்ட எடுத்துடுவாங்களாம்மா?"

அவளைத் திட்ட வாய் வரவில்லை. அந்தப் பதிலைச் சொல்லிக் கொடுத்தவள் நான்தானே. "நாளைக்கே ஃபோன் பண்ணிக் கேட்டு மாத்திடலாம். இது ஒரு விஷயமா" என்று எழுந்து மடித்த துணியை மறுபடி உதறி மடித்தேன்.

நாளைக்கே பண்ணவில்லை. மறுநாள் கடையில் கூட்டம். அதற்கு மறுநாள் கல்லூரி எண்ணை எடுத்து வைத்துக்கொண்டு, மதியச் சாப்பாடு முடியட்டும் என்று இருந்தேன். அப்புறம் அவர்களுக்கு வேலை முடிந்திருக்கும் என்று விட்டேன். இப்படியே நாளைக் கடத்தினேன். மகள் கேட்டபோதெல்லாம் லைன் கிடைக்கவில்லை என்றேன். எனக்கு ஏன் அப்படிக் கை ஓடவில்லை என்று அப்போது யோசிக்கவில்லை. சோம்பல் என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசியில் அவர்களே கூப்பிட்டார்கள். காலையில் நான் சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டிருந்தபோது குளிர்பெட்டியின் மேல் அவருடைய ஃபோன் அடித்தது. எடுத்தேன். கல்லூரி அலுவலகத்திலிருந்து ஒரு பெண். என் மகளின் பெயரைச் சொல்லி, அவள் அப்பாவிடம் பேச வேண்டும் என்றாள்.

"வேலைக்குப் போயிருக்காரு" என்றேன். "நான் அவர் வீட்டுக்காரம்மா பேசுறேன்."

"பரவால்லம்மா. சான்றிதழ் சரிபார்க்க வியாழக்கிழமை காலைல வரணும். அப்பாவும் வரணும், அவர் கையெழுத்து வேணும். விண்ணப்பத்துல ஏதாவது திருத்தம் இருந்தா அங்க மேஜையிலயே சொல்லிடுங்க. அன்னைக்குப் பன்னிரண்டு மணிக்கு மேல கம்ப்யூட்டர்ல பூட்டிடுவாங்க. அதுக்கப்புறம் தப்பு தெரிஞ்சா ரத்துதான், யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாது."

"சரிங்க. அவர்கிட்ட சொல்லிடுறேன்."

ஃபோனை வைத்துவிட்டுத் திரும்பினால், பல் தேய்க்கிற பிரஷ்ஷோடு மகள் நின்றுகொண்டிருந்தாள். அவள் முகத்தில் ஈயாடவில்லை.

"யார்கிட்ட சொல்லுவ?" என்றாள்.

"வாய் தவறி வந்துடுச்சு" என்றேன். "என் நாக்குல சனி. வியாழக்கிழமை நேர்லயே போயிச் சொல்லிடலாம். அதுதான் நல்லது."

அந்த மூன்று நாளும் கடையில் ஒத்திகை பார்த்தேன். கண்ணாடிக் கடை என்பதால் எந்தப் பக்கம் திரும்பினாலும் என் மூஞ்சிதான் தெரியும். வாடிக்கையாளர் இல்லாதபோது அதைப் பார்த்து, "அவர் தவறிட்டாருங்க, பொண்ணு தவறுதலா மாத்திப் போட்டுட்டா" என்றேன். கண்ணாடியில் இருந்தவள் நன்றாகவே சொன்னாள். முதலாளி எட்டிப் பார்த்து, "யார்கிட்டம்மா பேசுற?" என்று கேட்டார். "திருகாணிகிட்ட" என்றேன். வியாழக்கிழமைக்கு லீவு கேட்டு வாங்கினேன். இறப்புச் சான்றிதழை அவருடைய சட்டைகளுக்கு அடியிலிருந்து எடுத்துப் பையில் வைத்து ஜிப்பை மூடினேன்.

பஸ்ஸில் போனோம். கல்லூரி பழைய கட்டடம். வராந்தாவில் ஒரு மாட்டின் எலும்புக்கூட்டைக் கண்ணாடிப் பெட்டிக்குள் நிறுத்தி வைத்திருந்தார்கள். என் மகள் அதன் முன்னால் நின்று, ஒவ்வொரு எலும்பாகப் பார்த்தாள். ரொம்ப நாளைக்கப்புறம் அவள் முகம் தெளிந்திருந்தது. இவளுக்கு இந்த இடம் கிடைக்க வேண்டும் என்று அப்போது எனக்கு மனதாரத் தோன்றியது. கிடைத்தால் விடுதியில் தங்க வேண்டும், வீட்டில் நான் மட்டும் இருப்பேன் என்பதும் கூடவே தோன்றியது.

மாடியில் ஒரு பெரிய அறையில் மேஜைகள் போட்டிருந்தார்கள். பிள்ளைகள் எல்லாம் கோப்போடு நின்றார்கள், பக்கத்தில் அப்பாக்கள். எங்களுக்கு வாய்த்த எழுத்தர் ஐம்பது வயதுக்காரர். அவருடைய கண்ணாடி வழுக்கி வழுக்கி மூக்கின் நுனிக்கு வந்துகொண்டிருந்தது. இடப்பக்கத் திருகாணி தளர்ந்திருந்தது எனக்கு வாசலிலிருந்தே தெரிந்தது. ஒவ்வொரு சான்றிதழாக ஒப்பிட்டுப் பார்த்தார். காதைப் பற்றியோ மாடியைப் பற்றியோ அவர் ஒன்றும் கேட்கவில்லை. கடைசிப் பக்கத்தைத் திருப்பினார்.

"அப்பா எங்கம்மா?"

என் வாயில் அந்த வாக்கியம் தயாராக இருந்தது. மூன்று நாள் சொல்லிப் பார்த்தது. மகள் என் முழங்கையைத் தொட்டாள், சொல்லு என்பது போல. நான் வாயைத் திறந்தேன்.

"கீழ வண்டிய நிறுத்திட்டிருக்காரு. வந்துடுவாரு."

எழுத்தர் தலையாட்டினார். "சரி, வரட்டும். அப்படி உக்காருங்க. பன்னிரண்டுக்கு மூடிடுவோம், அதுக்குள்ள வரச் சொல்லுங்க." கோப்பை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு அடுத்தவர்களைக் கூப்பிட்டார்.

சுவரோரம் பெஞ்சு இருந்தது. உட்கார்ந்தோம். மகள் என் பக்கம் திரும்பவில்லை. "என்னம்மா இது" என்று மட்டும் மெதுவாகக் கேட்டாள். "இரு, கூட்டம் குறையட்டும், பக்குவமாச் சொல்லிக்கலாம்" என்றேன். அவள் கைகளைத் தொடைகளுக்கு நடுவில் வைத்துக்கொண்டாள்.

பெஞ்சு படிக்கட்டுக்கு நேர் எதிரே இருந்தது. ஆட்கள் ஏறி வருவது முதலில் சத்தமாகக் கேட்கும், பிறகு தலை தெரியும், பிறகு ஆள் தெரிவார். ஒவ்வொரு சத்தத்துக்கும் நான் நிமிர்ந்தேன். ஒரு அப்பா மூச்சு வாங்கிக்கொண்டு வந்தார், அவருடைய பிள்ளை ஓடிப்போய் அழைத்துக்கொண்டு போயிற்று. இன்னொருவர் ஹெல்மெட்டைக் கழற்றாமலே வந்து திட்டு வாங்கினார். வண்டியை நிறுத்த இடம் கிடைப்பது கஷ்டம்தான் என்று நினைத்தேன். நினைத்த பிறகுதான் என்ன நினைத்தேன் என்று உறைத்தது. ஆனாலும் வாசலைப் பார்ப்பதை நிறுத்த முடியவில்லை.

கூட்டம் குறைந்தது. எழுத்தர் இரண்டு தரம் எங்களைப் பார்த்தார். நான் இரண்டு தரமும் படியைப் பார்த்துவிட்டு, வந்துவிடுவார் என்பது போலத் தலையசைத்தேன்.

அப்போது ஒரு நடை கேட்டது. என் வீட்டுக்காரர் கருவிப் பையை வலது தோளில் போட்டுக்கொண்டு நடப்பார், அதனால் வலது கால் கொஞ்சம் அழுத்தமாக விழும். பழைய வீட்டில் தெருமுனையிலேயே எனக்குத் தெரிந்துவிடும். அதே நடை. ஒரு கால் லேசாக, ஒரு கால் அழுத்தமாக, அவசரமில்லாமல். நெற்றியில் விழுந்திருந்த முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கினேன். முந்தானையை இழுத்துச் சரிசெய்துகொண்டேன். உதட்டை ஈரப்படுத்திக்கொண்டேன். இவ்வளவு நேரமா என்று கேட்க வேண்டும் என்றுகூட வாயில் வந்துவிட்டது.

படியில் ஒரு தலை தெரிந்தது. தண்ணீர்க் கேனைத் தோளில் சுமந்துகொண்டு ஓர் ஆள் வந்தார். கேனை மூலையில் இறக்கி வைத்துவிட்டு, காலியானதை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

நான் திரும்பியபோது மகள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் முடியை ஒதுக்கியதிலிருந்து எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள். அவள் முகத்தில் அப்படி ஒரு பயத்தை நான் அதற்கு முன் கண்டதில்லை. சீட்டைப் பற்றிய பயம் இல்லை அது. எழுந்தாள். நேராக மேஜைக்குப் போனாள்.

"சார், அவர் வர மாட்டார். எங்கப்பா செத்துட்டாரு. ரெண்டு வருஷம் ஆகப் போகுது. நான்தான் தப்பாக் குறி போட்டுட்டேன்."

அறையில் பேச்சு நின்றது போல எனக்குத் தோன்றியது. உண்மையில் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எழுத்தர் கண்ணாடியைத் தள்ளிவிட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார்.

"உங்கம்மா, கீழ இருக்காருன்னு சொன்னாங்களே?"

"வெளியாளுங்க கேட்டா அப்படிச் சொல்றது சார் எங்க வீட்ல. தனியா இருக்கோம்னு தெரியக் கூடாதுன்னு. பழகிப்போச்சு."

அவர் ஓரமாக வைத்திருந்த எங்கள் கோப்பை எடுத்து முன்னால் வைத்தார். பிறகு, "இறப்புச் சான்றிதழ் வெச்சிருக்கியாம்மா?" என்று கேட்டார்.

அவள் என்னிடம் வந்தாள். "பையைக் குடும்மா."

நான் பையை இரண்டு கையாலும் மடியில் பிடித்துக்கொண்டிருந்தேன். கொடுக்க வேண்டும் என்றுதான் நினைத்தேன். இத்தனை வருடம் பொடித் திருகாணிகளைப் பிடித்த விரல்களுக்கு ஒரு ஜிப்பைத் திறக்க வரவில்லை. அவள் குனிந்து, குழந்தையிடமிருந்து வாங்குவது போல ஒவ்வொரு விரலாக எடுத்துவிட்டுப் பையை வாங்கிக்கொண்டாள். ஜிப் திறக்கிற சத்தம் கேட்டது. நான் சுவரைப் பார்த்துக்கொண்டேன்.

எழுத்தர் தேதி கேட்டார், அவள் சொன்னாள். நேரம்கூடச் சொன்னாள். 'உள்ளார்' என்பதை அடித்தார். பக்கத்துக் கட்டத்தில் குறி போட்டார். தவறுதலாக நேர்ந்தது என்று எழுதி, அவளிடம் கையெழுத்து வாங்கி, என்னையும் கூப்பிட்டார். அப்பா கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் என்னைப் போடச் சொன்னார். போட்டேன். முத்திரை குத்தினார்.

"பயப்படாதம்மா, உன் சீட்டுக்கு ஒண்ணும் ஆகாது" என்று மகளிடம் சொன்னார். நல்ல மனுஷன். என்னைப் பார்த்து, "சின்னத் திருத்தந்தாம்மா. சரியாயிடுச்சு, நீங்க போகலாம்" என்றார்.

வராந்தாவுக்கு வந்தோம். மகள் பெரிதாக மூச்சு விட்டாள். இத்தனை நாள் அவள் பட்ட பாடு முடிந்தது, நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கு அவள் மேல் கோபம் பொங்கியது. காரணம் தெரியாமல் இல்லை, தெரிந்தே வந்த கோபம். அவள் தோளைப் பிடித்துத் திருப்பினேன்.

"அப்படி என்னடி அவசரம் உனக்கு?" என்றேன். "பன்னிரண்டு ஆகலையே இன்னும். கொஞ்சம் பொறுத்திருந்தா வந்திருப்பாருல்ல."

அவள் என் கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். அவர் போன அன்றைக்குக்கூட அவள் அப்படி அழவில்லை. நான் அவள் முதுகைத் தடவிக்கொடுத்துக்கொண்டே, அவள் தலைக்கு மேலாகப் படிக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.